பொருள் விளங்காமல் போகவில்லை

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

தங்கள் நாளிதழின் சென்ற ஞாயிறு இணைப்பில், எழுத்தை வாசிக்கத் திணறவைக்கும் டிஸ்லெக்சியா என்ற கற்றல் குறைபாட்டைப் பற்றி வெளியான கட்டுரையில், "எழுத்தே பிடிபடாத பெரியவர்களுக்குச் சொல்லின் பொருள் எப்படி விளங்கும்?" என்று ஒரு வரி இருந்தது. அந்த வரியை நானே மூன்று முறை படித்தேன். பொருள் மிக நன்றாகவே விளங்கியது.

எனக்கும் அந்தக் குறைபாடு உண்டு. வயது 49. செவ்வாய்ப்பேட்டையில் வெள்ளிக் கொலுசுப் பட்டறை வைத்திருக்கிறேன். இக்குறைபாட்டில் அடிபடுவது எழுத்தையும் ஒலியையும் இணைக்கும் வேலைதான் என்பதும், எழுதிய சொல்லைப் பார்த்தவுடன் அடையாளம் காணும் இடப்பக்க மூளையின் பின்பகுதி எங்களுக்குக் குறைவாக இயங்குகிறது என்பதும் தாங்கள் அறியாதவை அல்ல. 1980-இல் மார்ட்டா குட்டாஸ், ஸ்டீவன் ஹில்யார்ட் என்ற ஆய்வாளர்கள் கண்டறிந்த, வாக்கியத்தில் பொருந்தாத சொல் வந்தால் ஏறத்தாழ 400 மில்லி விநாடியில் எழும்பும் மூளை அலையைப் பற்றியும் தங்கள் கட்டுரையாளர் கேள்விப்பட்டிருப்பார். 'சோற்றைப் பிசைந்து செருப்பைத் தின்றான்' என்று யாரேனும் சொன்னால் நானும் திடுக்கிடத்தான் செய்வேன். படிக்கும்போது பொருளுக்குப் போய்ச் சேரும் வழிதான் எங்களுக்கு நெடியது. ஆகவே எங்களில் பலர் முன்பின் சொற்களை வைத்துப் பொருளை முதலில் பிடித்துக்கொண்டு, எழுத்தைப் பிறகு அதோடு ஒத்துப் பார்க்கிறோம். 'வாழையிலை' என்பதை நான் 'வாளையிலை' என்று வாய்விட்டுப் படித்தாலும் மனத்தில் விரிவது இலைதான். (எங்கள் ஊரில் குறைபாடு ஏதுமில்லாதவர்களும் அப்படித்தான் சொல்கிறார்கள், அவர்களைப் பற்றி யாரும் கட்டுரை எழுதுவதில்லை.)

என் தந்தை ஏற்காட்டில் காப்பித் தோட்டத்தில் வேலை பார்த்த காலத்தில், ஐந்தாம் வகுப்பில் பாடத்தை வாசிக்கத் திணறிய என்னை வெளியே நிறுத்திய ஆசிரியர், அதே பாடத்தின் கதையை நான் பிசகாமல் சொன்னபோது, எவனோ சொல்லிக் கொடுத்திருக்கிறான் என்று மேலும் இரண்டு அடி கொடுத்தார். பின்னாளில் வங்கியில் படிவம் நிரப்பத் தாமதமானதும், ஊழியர் ஒருவர் கைநாட்டு வைக்கும் மைப்பெட்டியை என் பக்கம் நகர்த்தினார். கற்றல் குறைபாடு 2016-ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தில் இடம்பெற்றபோது எனக்கு வயது 40. அதன் பிறகும் 'எப்படி விளங்கும்' என்று கேட்கிறீர்கள்.

மறுப்பு வெளியிடுமாறு நான் கேட்கவில்லை. தங்கள் நாளிதழில் வரி முடியும் இடத்தில் சொற்களை ஒரு கோடுகூட இல்லாமல் முறித்துப் போடுகிறார்கள். அண்மையில் எங்கள் தொழிலைப் பற்றிய செய்தியில் ஒரு வரி 'கொலு' என்று முடிந்தது. நான் பொம்மைகளைப் படிக்கட்டில் அடுக்கி முடித்த பிறகு, அடுத்த வரியில் 'சுத் தொழிலாளர்கள்' வந்தார்கள். ஞாயிறு இணைப்பில் மட்டுமாவது சொற்களை முழுதாக விடும்படி பக்கம் வடிவமைப்போரிடம் சொல்ல வேண்டுகிறேன்.

இக்கடிதத்தை நான் சொல்லச் சொல்ல என் மகள் எழுதினாள். அச்சில் வந்தால் நானே படித்துக்கொள்வேன்.

இப்படிக்கு,
கொலுசுப் பட்டறைக்காரர் ஒருவர்,
செவ்வாய்ப்பேட்டை, சேலம்.