ஒரு பெட்டிக்கு மூன்று உத்தரவாதம்

ஆசிரியர் அவர்களுக்கு,

என் அம்மாவின் அலமாரியில் ஒரே குளிர்சாதனப் பெட்டிக்கு மூன்று உத்தரவாதப் பத்திரங்கள் இருந்தன. இரண்டு, தொலைபேசியில் விற்கப்பட்டவை. “இன்றோடு முடிகிறது, பழுதானால் யாரும் வரமாட்டார்கள்” என்று பயமுறுத்தியிருக்கிறார்கள். தயாரிப்பாளர் தந்த உத்தரவாதமே இன்னும் முடியவில்லை! கதவு ரப்பர், பிளாஸ்டிக் தட்டு, மின்னழுத்தப் பாதிப்பு எதற்கும் இவை பொருந்தாதாம். அந்தப் பொடி எழுத்தை நானே பூதக்கண்ணாடி வைத்துத்தான் படித்தேன். எண்பது வயதில் அவர் எப்படிப் படிப்பார்?

வாங்கிய சில நாட்களுக்குள் ரத்து செய்ய பல ஒப்பந்தங்களில் இடமுண்டு. பெற்றோரின் வங்கிக் கணக்கில் மாதந்தோறும் தானாகக் கழியும் தொகைகளையும் பிள்ளைகள் பார்க்க வேண்டும். கோபப்படாமல் கேளுங்கள். திட்டுவேனோ என்று பயந்துதான் அம்மா ஓராண்டு என்னிடம் மறைத்திருக்கிறார்.

– ஒரு வாசகி