பழைய வீடு வாங்கலாமா என்று கேட்ட உமாவுக்கு

அன்புள்ள உமா,

உன் கடிதம் வந்து நாளாகிவிட்டது. கோபித்துக்கொள்ளாதே. நீ கேட்டிருந்த கேள்விக்கு இரண்டு வரியில் பதில் போட மனம் வரவில்லை, சாவகாசமாக உட்கார நேரம் கிடைக்கவில்லை, அவ்வளவுதான். பெரியவன் கோயம்புத்தூரில் காலேஜ் சேர்ந்துவிட்டான், ஹாஸ்டல் சாப்பாட்டைத் திட்டி தினமும் போன் வருகிறது, நாம் திட்டாததா. அத்தைக்கு முட்டி வலி அப்படியேதான் இருக்கிறது, ஆனால் இந்த வீட்டில் மாடிப்படி ஏற வேண்டியதில்லை என்பதில் அவருக்கு ஏக திருப்தி.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். புனேயிலிருந்து திரும்பி வந்தபின் இருக்க, எங்களைப் போல மேற்குத் தாம்பரம் பக்கம் ஒரு பழைய தனி வீடு வாங்கலாமா, அல்லது உன் வீட்டுக்காரர் சொல்கிறபடி ஓஎம்ஆரில் புது ஃபிளாட்டா என்று கேட்டிருந்தாய். தனி வீடே வாங்கு. ஆனால் கையிலிருக்கிற பணம் மொத்தத்தையும் விலையிலேயே கொட்டிவிடாதே. பழைய வீட்டை இரண்டு தடவை வாங்க வேண்டியிருக்கிறது: முதலில் உரிமையாளரிடம், அப்புறம் மேஸ்திரியிடம். இரண்டாவது தடவைக்கு எந்த பாங்க்கும் வீட்டுக் கடன் கொடுக்கிற மாதிரி சுலபமாகக் கொடுப்பதில்லை.

எங்கள் கணக்கையே சொல்கிறேன், ஒளிக்க என்ன இருக்கிறது. அரை கிரவுண்டு மனை, 1990களில் கட்டின தரைத்தள வீடு, 2024 கடைசியில் 72 லட்சத்துக்குப் பேசி முடித்தோம். "80 சதவீதம் லோன் கிடைக்கும் மேடம்" என்று எல்லாரும் சொல்வார்கள். 30 லட்சத்துக்கு மேல் 75 லட்சம் வரையிலான கடனுக்கு அதுதான் ரிசர்வ் வங்கி வைத்த உச்ச வரம்பு, சரிதான். ஆனால் எதில் 80 என்பதில்தான் இருக்கிறது விஷயம். பாங்க் அனுப்பின இன்ஜினியர் கட்டடத்தின் வயதைக் கழித்து 65 லட்சம் என்று மதிப்புப் போட்டார். அதில் 80 சதவீதம் 52 லட்சம். பதிவுச் செலவு கடனில் சேராது, முத்திரைத்தாள் 7, பதிவுக் கட்டணம் 2, ஆக 9 சதவீதம், 72 லட்சத்துக்கு 6,48,000 ரூபாய். முழுக் கடனும் எடுத்தால்கூட கைப்பணம் 26 லட்சத்துக்குப் பக்கத்தில் வரும், விலையில் மூன்றில் ஒரு பங்குக்கும் மேல். வக்கீல் ஃபீஸ், புரோக்கர் கமிஷன், பாங்க்குக்குப் பத்திரம் அடமானம் வைக்கிற எம்ஓடி பதிவு எல்லாம் தனி. நாங்கள் வயதைக் கருதி 45 லட்சம்தான் எடுத்தோம், அதனால் இன்னும் ஏழு லட்சம் கூடுதலாகக் கைவிட்டுப் போனது. பழைய ஃபிளாட்டை விற்ற பணம் இருந்ததால் தாங்கினோம்.

விற்றவர்கள் ஒரு பங்கை ரொக்கமாகக் கேட்டார்கள். எல்லா இடத்திலும் கேட்பார்கள். முடியாது என்று சொல்லிவிட்டேன். சொத்து விற்பனைக்கு 20,000 ரூபாயோ அதற்கு மேலோ ரொக்கமாகப் பெற்றால் பணம் பெற்ற விற்பவருக்கு அதே அளவு அபராதம் வரலாம், அது அவர்கள் பாடு. எனக்கு என்ன நஷ்டம் என்றால், பத்திரத்தில் விலை குறைந்தால் பாங்க் அந்தக் குறைந்த விலையை வைத்துத்தான் கடன் தரும், நாளைக்கு நான் விற்கும்போது லாபம் ஊதிப்பெருத்துத் தெரிந்து வரியும் நான்தான் கட்ட வேண்டும். பேரம் கொஞ்ச நாள் இழுத்தது, பிறகு வழிக்கு வந்தார்கள். அப்புறம், 50 லட்சம் அல்லது அதற்கு மேல் என்றால் விற்பவருக்குக் கொடுக்கிற பணத்தில் ஒரு சதவீதம் டிடிஎஸ், அதாவது அவர் கணக்கில் வருமான வரி, பிடித்து நீதான் கட்ட வேண்டும், விற்பவர் நாலு பேர் இருந்தால் ஒவ்வொருவர் பெயரிலும் தனித்தனியாக வரிப் படிவம். இதை புரோக்கர் ஞாபகப்படுத்தவே மாட்டார்.

நாலு பேர் என்று சும்மா சொல்லவில்லை. வீடு ஒரு பெரியவர் சம்பாதித்துக் கட்டியது, உயில் எழுதாமல் போய்விட்டார். மனைவி, இரண்டு மகன்கள், பெங்களூரில் ஒரு மகள். "பொண்ணுக்கு நகை நட்டு போட்டு அனுப்பியாச்சு, அந்தம்மா கையெழுத்து எதுக்கு?" என்றார் புரோக்கர். 2005 திருத்தத்துக்குப் பிறகுதான் மகளுக்குப் பங்கு என்று பலர் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். அது பூர்வீகச் சொத்துக்கு வந்தது. இந்து அப்பா தானே சம்பாதித்து வாங்கி உயில் இல்லாமல் இறந்தால் 1956 சட்டப்படியே மனைவி, மகன், மகள், உயிரோடு இருந்தால் அவருடைய அம்மா, எல்லாருக்கும் சம பங்கு. அந்தப் பெண் வந்து கையெழுத்துப் போட்டாள். வாரிசுச் சான்றிதழில் யார் யார் பெயர் இருக்கிறதோ அத்தனை பேரும் பதிவாளர் முன்னால் நிற்க வேண்டும், அல்லது பங்கை விட்டுக்கொடுத்து எழுதின முறையான விடுதலைப் பத்திரம் இருக்க வேண்டும்.

வில்லங்கச் சான்றிதழ் (ஈசி) போட்டுப் பார்த்ததில் 2013-இல் வைத்த ஒரு அடமானம் அப்படியே நின்றது. கடனைக் கட்டி முடித்துப் பத்திரத்தையும் வாங்கி பீரோவில் வைத்துவிட்டார்கள், ஆனால் ரசீது பதிவு பண்ணவில்லை. அதை அவர்களே பாங்க்கில் பேசிப் பதிவு செய்து கொடுத்த பிறகுதான் அக்ரிமென்ட் போட்டோம். ஈசியில் ஒன்றும் இல்லை என்றாலும் நிம்மதியாகிவிடாதே, பதிவு செய்யாத உயிலோ வெறும் தாளில் போட்ட ஒப்பந்தமோ அதில் தெரியாது. தாய்ப் பத்திரம் முதல் எல்லாவற்றையும் பாங்க் வக்கீல் பார்ப்பார், இருந்தாலும் உனக்கென்று ஒரு வக்கீல் வைத்துக்கொள். பாங்க்கின் கவலை அதன் கடன் தொகை வரைக்கும்தான்.

ஒரகடம் பக்கம் "பஞ்சாயத்து அப்ரூவ்டு" மனை மலிவாக வருகிறது என்று எழுதியிருந்தாயே, அதைத் தொடாதே. அங்கீகாரமில்லாத மனைகளைப் பதிவு செய்யக் கூடாது என்று 2016 செப்டம்பரில் உயர் நீதிமன்றம் தடை போட்டது. பிறகு கொண்டுவந்த வரன்முறைத் திட்டமும் 2016 அக்டோபர் 20-க்குள் விற்றுப் பதிவான மனைகளுக்குத்தான் வழி செய்தது. மனைப்பிரிவுக்கு அங்கீகாரம் தருகிற அரசு அமைப்புகளான சிஎம்டிஏ அல்லது டிடிசிபி கொடுத்த எண்ணைக் கேள், இழுத்தால் எழுந்து வந்துவிடு.

அடுத்து தண்ணீர். கிளாம்பாக்கம் பஸ் நிலையம் 2023 டிசம்பர் கடைசியில் திறந்ததிலிருந்து இந்தப் பக்கம் எந்த மனையைக் காட்டினாலும் "கிளாம்பாக்கம் பத்து நிமிஷம்" என்பதுதான் முதல் வசனம். 2015 டிசம்பரில் முடிச்சூர், வரதராஜபுரம் எல்லாம் அடையாற்றுத் தண்ணீரில் கிடந்ததும், 2023 மிக்ஜாம் புயலில் திரும்பவும் தவித்ததும் அந்த வசனத்தில் வராது. நான் எந்தத் தெருவுக்குப் போனாலும் முதலில் இஸ்திரி வண்டிக்காரரிடமும் மளிகைக் கடையிலும்தான் கேட்பேன். ஒரு வீடு, புதுசாக வெள்ளையடித்துப் பளபளவென்று இருந்தது. உள்ளே மின் மீட்டர் பெட்டி மட்டும் என் தலைக்கு மேலே ஏற்றி மாட்டியிருந்தது. ஏன் என்று கேட்டால் "குழந்தைங்க கை படாம இருக்கத்தான்" என்றார் வீட்டுக்காரர். எதிர்க்கடை அம்மா இடுப்பைத் தொட்டுக் காட்டினாள், அவ்வளவு தண்ணீர். மீட்டர் பெட்டி, சம்ப்பின் வாய், போர் மோட்டார், இந்த மூன்றும் எந்த உயரத்தில் இருக்கின்றன என்று பார், தெருவின் சரித்திரம் தெரிந்துவிடும்.

கடனைப் பற்றி ஒன்றுதான் சொல்ல வேண்டும், தவணைக் காலத்தை நீட்டாதே. 45 லட்சம், 8.5 சதவீதம். 20 வருஷம் என்றால் மாதம் 39,052 ரூபாய், 15 வருஷம் என்றால் 44,313. மாதம் ஐயாயிரத்துச் சொச்சம்தான் வித்தியாசம், ஆனால் மொத்தமாகக் கட்டுவதில் 14 லட்சத்துக்குக் கிட்ட மிச்சம். முதல் மாதம் கட்டின 44,313-இல் வட்டி மட்டும் 31,875 என்று பார்த்தபோது இவர் முகம் போன போக்கைப் பார்த்திருக்க வேண்டும். 2025 பிப்ரவரியிலிருந்து ஜூனுக்குள் ரெப்போ, அதாவது ரிசர்வ் வங்கி பாங்க்குகளுக்குக் கடன் தருகிற வட்டி, 6.5-இலிருந்து 5.5-க்கு இறங்கியது, எங்கள் கடன் ரெப்போவோடு கட்டினது என்பதால் வட்டியும் இறங்கியது. இஎம்ஐயைக் குறைக்கச் சொல்லவில்லை, மாதங்கள் குறையட்டும் என்று விட்டுவிட்டோம். மாறும் வட்டிக் கடனை நம்மைப் போன்ற தனிநபர் முன்னதாக அடைத்தால் அபராதம் கிடையாது, அதனால் போனஸ் வந்தால் அதில் போடுகிறோம். புது வரி முறையில் இருந்தால் குடியிருக்கிற வீட்டு வட்டிக்கு விலக்கு இல்லை என்பதையும் உன் வீட்டுக்காரரிடம் சொல், அவர் கணக்கில் பழைய முறைப்படி வட்டிக்கென்று வருஷத்துக்கு இரண்டு லட்சத்தைக் கழித்திருப்பார், எனக்குத் தெரியும்.

வாடகைக்கே இருக்கலாம் என்று அவர் சொல்வதும் கணக்குப்படி சரிதான். இதே வீட்டுக்கு வாடகை 16,000தான் கிடைத்துக்கொண்டிருந்தது, வருஷத்துக்கு விலையில் மூன்று சதவீதம்கூட இல்லை. நான் அவரோடு அதில் வாதாடவே மாட்டேன். அறுபது வயதுக்கு மேல் வீட்டுக்காரர் சொன்னதும் சாமான் கட்ட எனக்குத் தெம்பு இருக்காது, அதற்குத்தான் இந்தப் பணம்.

இனி மேஸ்திரி கதை. எல்லாரும் மாடுலர் கிச்சனிலிருந்து ஆரம்பிக்கச் சொன்னார்கள். நான் மொட்டை மாடியிலிருந்து ஆரம்பித்தேன். பழைய தட்டோடுகள் பாதி இடத்தில் தூக்கிக்கொண்டு நின்றன, தட்டினால் கீழே வெற்றிடச் சத்தம். உள்ளே பாத்ரூமுக்குப் பக்கத்துக் கூரையை மேஸ்திரி சுத்தியல் காம்பால் தட்டிக்கொண்டே போனார், டக் டக் என்று வந்த சத்தம் ஓரிடத்தில் பொத் என்று மாறியது, அங்கே லேசாகக் கொத்தினதும் காரை ஒரு தட்டு அகலத்துக்குக் கழன்று விழுந்தது. உள்ளே கம்பி பப்ஸ் மாதிரி அடுக்கடுக்காக உரிந்தது. இரும்பு துருப்பிடித்தால் பருமன் கூடும், அது கான்கிரீட்டை உள்ளிருந்தே பிளந்து தள்ளும். அதன் மேல் பூசி பெயின்ட் அடித்தால் ஒரு மழைக்காலம் நிற்கும், அவ்வளவுதான். கம்பி பிரஷ் போட்டுத் துருவைச் சுரண்டி, துருத் தடுப்பு அடித்து, ரொம்ப மெலிந்த இடத்தில் புதுக் கம்பி கட்டி, பாலிமர் கலந்த கலவையால் மூடினார்கள். மாடியில் பழைய தட்டோடுகளை எல்லாம் பெயர்த்து, மழைத் தண்ணீர் குழாய் வாய்க்கு ஓடுகிற மாதிரி வாட்டம் கொடுத்து, நீர்க்கசிவுத் தடுப்பு அடித்து, மேலே வெள்ளை கூல் டைல். அடுத்த ஐப்பசி மழையில் கூரையை அண்ணாந்து பார்க்காமல் தூங்கினோம்.

ஒயரிங் முழுசும் மாற்றினோம். மூன்று பின் சாக்கெட் எல்லா அறையிலும் இருந்தது, பிரித்துப் பார்த்தால் பாதிக்கு எர்த் ஒயரே இல்லை, சும்மா ஓட்டை. புதுசாக எர்த் குழி தோண்டி, மின்கசிவு வந்தால் கரண்ட்டைத் துண்டிக்கிற ஆர்சிசிபி போட்டோம். இரும்புக் குழாய்களைத் தூக்கிவிட்டு சிபிவிசி பிளாஸ்டிக் குழாய். இதற்கெல்லாம் சுவரை உடைக்க வேண்டும், அதனால்தான் கிச்சனும் பெயின்ட்டும் கடைசி. இதில் எனக்கு எரிச்சல் ஒன்றே ஒன்று. காசு கொடுப்பது நான், கூட நிற்பது நான், ஆனால் மேஸ்திரி எதையும் "சார் வரட்டும், கேட்டுக்கிறேன்" என்பார். சார் வந்து "மேடத்தைக் கேளுங்க" என்பார். ஒரு வாரத்தில் வழிக்கு வந்தார், பிறகு மணல் லோடு வந்தால்கூட எனக்குத்தான் போன்.

எல்லாம் சேர்த்து எட்டரை லட்சம். இதற்கென்று ஒன்பது லட்சத்தைத் தனி எஃப்டியில் போட்டு, விலை பேசும்போது அது இல்லாத பணம் என்றே நினைத்துக்கொண்டோம். சோலார் மட்டும் பாக்கி, 3 கிலோவாட்டுக்கு மத்திய அரசு மானியம் 78,000 வரும். மேலே ஒரு மாடி எடுக்க முடியாது என்று இன்ஜினியர் சொல்லிவிட்டார், பில்லர் இல்லாத சுவர் தாங்கும் கட்டடம். அதை வாங்குமுன்பே கேட்டு வைத்திருந்ததால் ஏமாற்றம் இல்லை.

ஓஎம்ஆர் ஃபிளாட்டை வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. லிஃப்ட், காவலாள், பக்கத்தில் நாலு குடும்பம், நீங்கள் இரண்டே பேர் என்றால் அதுவும் ஒரு வசதிதான். ரெரா (ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறை ஆணையம்) பதிவு எண்ணைப் பார், முக்கியமாக யுடிஎஸ், அதாவது பிரிக்கப்படாத மனையில் உன் பங்கு, எவ்வளவு என்று பார். 1,100 சதுர அடி ஃபிளாட்டுக்கு உன் பெயரில் எத்தனை சதுர அடி மண் எழுதுகிறார்கள் என்பதுதான் முப்பது வருஷம் கழித்து உன் கையில் நிற்கும். தண்ணீர் லாரியா, போரா, மெட்ரோ வாட்டரா என்றும் கேள். கோடையில் மெயின்டனன்ஸ் தனியாக ஏறும்.

பொங்கலுக்கு வரும்போது இரண்டு நாள் கூடுதலாக லீவு போட்டு வா. எங்கள் பின் தெருவில் ஒரு வீடு விலைக்கு வந்திருக்கிறது, வெளியிலிருந்து பார்த்தேன், மீட்டர் பெட்டி ஒழுங்கான உயரத்தில்தான் இருக்கிறது. ஈசி போட்டுப் பார்த்துவிட்டு எழுதுகிறேன். அதற்குள் அவரிடம் சொல்லி அந்த ஃபிளாட்டின் யுடிஎஸ் கணக்கைக் கேட்டு அனுப்பு.

அன்புடன்,
செல்வி