ஆறு மணிக்கு என் போனை வாங்கி வைத்தவளுக்கு

கர்த்தருக்குள் அன்பானவர்களுக்கும், தெருவிலும் சந்தையிலும் எங்களை நினைத்துக்கொண்ட எல்லாருக்கும் ஸ்தோத்திரமும் வணக்கமும்.

நடந்ததை நான் திரும்பச் சொல்லவேண்டியதில்லை. உங்களில் பலருக்கு அது என்னைவிட நன்றாகவே தெரியும். என் வீட்டுக்காரர் ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்கு வந்துவிட்டார், எழுந்து உட்கார்ந்து கஞ்சி குடிக்கிறார். காணத்துவையலில் உப்பு குறைவு என்று குற்றமும் சொல்லத் தொடங்கிவிட்டார். இதற்கு மேல் நான் என்ன கேட்க?

களியக்காவிளை நெரிசலில் ஆம்புலன்ஸுக்கு வழி ஒதுக்கித் தந்த ஆட்டோக்காரத் தம்பிகள், திருவனந்தபுரம் வரை வந்து ரத்தம் கொடுத்த வாலிபர் சங்கத்துப் பிள்ளைகள், ஆஸ்பத்திரி வராந்தாவில் பாய் விரித்து என்னோடு படுத்த நாத்தனார், நாங்கள் இல்லாதபோது ரப்பர் வெட்டி, பாலை உறைய வைத்து, ஷீட் அடித்துக் காயப்போட்டு, கணக்கையும் ஒப்படைத்த அண்ணன், எங்கள் சபைப் போதகர் ஐயர், முறைபோட்டுச் சோறு கொண்டுவந்த பெண்கள் ஐக்கியத்து அக்காமார், எல்லாருக்கும் நன்றி. ஒருவர் பெயர் விட்டால் இன்னொருவர் முகம் வாடும், அதனால் யார் பெயரும் போடவில்லை.

ஆனால் ஒருத்தியைப் பற்றிக் கொஞ்சம் நீட்டித்தான் எழுதப்போகிறேன். பக்கத்து வீட்டுத் தங்கச்சி. "பேரு போட்டீங்கன்னா பின்ன உங்க படி ஏறமாட்டேன்" என்று மிரட்டியிருப்பதால் அவள் பெயரும் இல்லை.

அவரை வீட்டுக்குக் கொண்டுவந்த பிறகுதான் எனக்கு உண்மையான திண்டாட்டம். விடியுமுன்னே போன் அடிக்கும். சபைக் குழு, ஜெபக் குழு, குடும்பக் குழு, ஐக்கியக் குழு என்று வாட்ஸப்பில் எல்லாவற்றிலும் குரல் செய்தி, வசனப் படம், "இப்போ எப்படி இருக்கு?" எல்லாம் அன்புதான், அதில் ஒரு குறையும் சொல்லமாட்டேன். ஆனால் சங்கீதம் வாசிக்கப் போனில் வேதாகமத்தைத் திறந்தால், வசனத்தின் தலைமேலேயே இன்னொரு செய்தி வந்து நிற்கும். அதற்குப் பதில் போட்டு, அதிலிருந்து இன்னொன்றுக்குப் போய், அடுப்பில் பால் பொங்கி, வாசலில் ஆள் வந்து, அந்தக் காலை அதோடு முடிந்தது. எனக்காக ஊரே ஜெபித்தது, எனக்குத்தான் ஜெபிக்க நேரம் இல்லை. பார்க்க வந்த ஒருவர், "மார்த்தாளைப்போல ஓடாதே, மரியாளைப்போல உட்காரு" என்று புத்தி சொல்லிவிட்டு, காப்பியில் சீனி வேண்டாம் என்றார். பாவம் மார்த்தாள்! லூக்கா சுவிசேஷத்தில் சகோதரி மரியாள் இயேசுவின் காலடியில் உட்கார்ந்து கேட்க, பணிவிடையில் ஓடினதற்காகக் கடிந்துகொள்ளப்பட்டவள் அவள். யோவான் 12-லும் அவள் பணிவிடைதான் செய்கிறாள், அங்கே அவளை யாரும் கடிந்துகொள்ளவில்லை. அதைப் பிரசங்கத்தில் கேட்பது அபூர்வம்.

ஒருநாள் காலையில் இந்தத் தங்கச்சி பால் பாத்திரத்தோடு வந்தாள். இடுப்பில் போனைச் செருகிக்கொண்டு ஒரு கையில் மருந்துச் சீட்டோடு நான் நின்ற கோலத்தைப் பார்த்தாள்.

"எக்கா, அந்தப் போனை இங்கோட்டு தாங்க. அரைமணிக்கூறு நான் வாசல்ல இருக்கேன். நீங்க போயி ஜெபிச்சிட்டு வாங்க."

அவள் கிறிஸ்தவள் இல்லை. கேரளத்துப் பாறசாலையிலிருந்து இங்கே கட்டிக்கொடுத்த பெண். பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்ப வேண்டிய நேரம் அது, போதாததற்குத் தைக்க வாங்கி வைத்த துணியும் குவிந்து கிடக்கும். அப்படியும் மறுநாள் வந்தாள், அதற்கு மறுநாளும் வந்தாள். பையனுடைய பழைய கணக்கு நோட்டு ஒன்றும் பேனாவும் கொண்டுவந்து சிட்அவுட் நாற்காலியில் உட்கார்ந்துகொள்வாள். போன் வந்தால், "அக்கா ஜெபத்துல இருக்கு, விசேஷம் சொல்லுங்க, எழுதி வைக்கேன்." ஆள் வந்தால் கட்டன் காப்பி. எங்கள் சபை மூப்பர் ஒருவரையே ஆறரை மணிவரை உட்கார்த்தி வைத்துவிட்டாள். அவரும் சிரித்துக்கொண்டே காத்திருந்தார்.

அவள் படித்தது மலையாளம், நோட்டில் எழுதுவதும் மலையாள எழுத்தில்தான். எனக்கு அது தட்டுத்தடுமாறித்தான் வரும். என் மாமியாருக்கு எண்பது தாண்டிவிட்டது. 1956-ல் இந்தக் கன்னியாகுமரிப் பக்கம் திருவிதாங்கூர்-கொச்சியிலிருந்து பிரிந்து தமிழ்நாட்டோடு சேருவதற்கு முன்னே பள்ளிக்கூடம் போனவர், அதனால் மலையாளம் தண்ணீர்பட்ட பாடு. ஜெபம் முடிந்து வந்ததும் கண்ணாடியை மாட்டிக்கொண்டு அவர்தான் எனக்கு வாசித்துக் காட்டுவார்: "பளுகல் மாமா. சுகர் எவ்வளவுன்னு கேட்டாரு." "குவைத்துலேர்ந்து ஒருத்தர். பேரு விளங்கல்ல. அழுதாரு." "லோன் வேணுமான்னு ஒரு பொண்ணு. வேண்டாம்னு நானே சொல்லிட்டேன்." நாங்கள் மூன்றுபேரும் அந்த வாசலில் சிரித்த சிரிப்பு, அந்த வாரத்தில் இந்த வீட்டில் கேட்ட முதல் சிரிப்பு.

உனக்கு இது எப்படித் தோன்றியது என்று கேட்டேன். "எங்கம்மை அந்திக்கு விளக்கு கொளுத்தி நாமம் ஜெபிக்கிற நேரம் கலெக்டர் வந்தாலும் எந்திரிக்க மாட்டாவ. எங்கள்ல ஒருத்தரை வாசல்ல நிறுத்திருவாவ. அந்த டியூட்டி எனக்குச் சின்னதுலயே பழக்கம்" என்றாள்.

உள்ளே அந்த அரைமணி நேரத்தில் பெரிய தரிசனம் ஒன்றும் வரவில்லை, அதையும் சொல்லிவிடுகிறேன். கண்ணை மூடினால் மருந்துக் கடைப் பாக்கிதான் வரும். வேதாகமத்தின் பக்கத்திலேயே ஒரு துண்டுத்தாள் வைத்து, மனதில் வந்ததை எல்லாம் அதில் எழுதித் தள்ளிவிட்டு, திரும்ப வசனத்துக்கு வந்தேன். போனை விட்டு, எங்கள் அப்பச்சியின் அச்சு வேதாகமத்தையே எடுத்துக்கொண்டேன். சங்கீதம் 119 இருக்கிறதே, 176 வசனம் என்று மலைத்து நான் எப்போதும் தாண்டிப்போகிற சங்கீதம், அது 22 பகுதி. பகுதிக்கு 8 வசனம்தான், காலைக்கு ஒரு பகுதி தாராளமாக ஆகும். மெல்ல முணுமுணுத்து வாசித்துக்கொண்டிருந்தபோது உள்ளறையிலிருந்து அவர், "சத்தமா வாசி" என்றார். அன்றிலிருந்து சத்தமாகவே வாசிக்கிறேன்.

மாற்கு முதல் அதிகாரத்தை இப்போது வேறு கண்ணோடு பார்க்கிறேன். முந்தின சாயங்காலம் இயேசு இருந்த வீட்டு வாசலில் ஊரே கூடியிருந்தது. விடியுமுன், இருட்டோடே ஆண்டவர் தனியிடத்துக்குப் போய் ஜெபம்பண்ணுகிறார். சீடன் சீமோனும் கூட இருந்தவர்களும் தேடிப் பிடித்து, "உம்மை எல்லாரும் தேடுகிறார்கள்" என்கிறார்கள். தேடினவர்கள் யாரும் கெட்டவர்கள் இல்லை, நோயாளிகளும் அவர்கள் வீட்டாரும்தான். இருந்தும் அவர் அங்கே திரும்பவில்லை, அடுத்த ஊர்களுக்குப் போவோம் என்றார். என்னை இழுத்ததும் சீரியலோ ஊர்வம்போ இல்லை, நல்ல காரியங்கள்தான். அந்தச் சீமோனை வழியிலேயே நிறுத்திக் கட்டன் காப்பி கொடுக்க எனக்கு ஓர் ஆள் கிடைத்தாள்.

உங்களில் ஒரு டீச்சர், "ஜெபிக்கிறேன். பதில் போடவேண்டாம்" என்று மட்டும் அனுப்பியிருந்தார். டீச்சர், அந்தக் கடைசி வார்த்தைகளுக்குத் தனி நன்றி. இனிமேல் கஷ்டத்தில் இருப்பவர்களுக்கு நானும் அப்படித்தான் அனுப்புவேன். அப்புறம் இன்னொன்று. நம் சபையிலோ தெருவிலோ யார் வீட்டில் இப்படி ஒரு நெருக்கடி வந்தாலும் சோறு மற்றவர்கள் கொண்டுபோகட்டும். நான் நோட்டும் பேனாவுமாக வாசலில் வந்து உட்காருகிறேன். எந்தச் சாமியைக் கும்பிடுகிற வீடாக இருந்தாலும் சரி.

தங்கச்சி, அந்த நோட்டை நீ திருப்பிக் கேட்டாய். தரமாட்டேன், பையனுக்குப் புதிது வாங்கிக்கொடுக்கிறேன்.

கடைசியாக, உங்கள் தூக்குவாளிகளும் டிபன் கேரியர்களும் எங்கள் அடுக்களைத் திண்டில் கழுவிக் கவிழ்த்து வைத்திருக்கிறேன். பெயர் எழுதாதவைதான் அதிகம். அவரவர் வந்து பார்த்து எடுத்துக்கொள்ளுங்கள். காலையில் வருவதானால் ஆறரைக்கு மேல் வாருங்கள்.