குழு அறிவிப்பு: புரோகிராம் கோடுல (code) இடைவெளி விட்டு எழுதுங்க

தம்பி, தங்கச்சி எல்லாருக்கும் வணக்கம். பாம்பன் மீன் ஏலக் கணக்குக்கு நீங்க எழுதின பைத்தான் கோடு முழுக்கப் பார்த்தாச்சு. விடை சரியா வருது, சந்தோஷம். ஆனா வாசிக்கத்தான் சிரமமா இருக்கு.

தொகை=எடை*விலை-ஐஸ்செலவு

இதையே இப்படி எழுதுங்க:

தொகை = எடை*விலை - ஐஸ்செலவு

முதல்ல பெருக்கல், அப்புறம்தான் கழித்தல்னு பார்த்ததுமே புரியுதுல்ல? 2001-ல வந்த பெப் 8 (PEP 8)-ங்கிற பைத்தான் நடைவிதியும் இப்படித்தான் எழுதச் சொல்லுது. வரியை உள்தள்ள 4 ஸ்பேஸ், ஃபங்ஷன்களுக்கு நடுவுல 2 வெற்று வரி. ஒரே பிளாக்குல டேபும் ஸ்பேஸும் மாத்தி மாத்திப் போடாதீங்க, பைத்தான் 3 எரர் காட்டி நின்னுடும்.

திருத்தினதை மெசேஜா ஒட்டாம ஃபைலாவே அனுப்புங்க, இடைவெளி குலையாது. ஞாயிறு மண்டபம் வகுப்புக்கு முன்னாடி வந்துட்டா எல்லாருதையும் உட்கார்ந்து பார்த்துடலாம்.