பள்ளி வேன் குழு, சுங்கை சிப்புட்: கைப்பேசி பற்றி

ஓட்டுநர் அண்ணன்மாருக்கும் பெற்றோருக்கும் வணக்கம். நேற்று விடியற்காலை, தோட்டத்து மண்சாலை பெரிய சாலையில் ஏறும் முனையில், நம் வேன் ஒன்று செம்பனைக் குலை லாரியிடமிருந்து நூலிழையில் தப்பியது. ஓட்டியவர் கையில் கைப்பேசி. திரையில் நம் குழுவின் ‘காலை வணக்கம்’ ரோஜாப்பூ. பின்னால் பதினொரு பிள்ளைகள். பெயர் சொல்லவில்லை, அவருக்கே தெரியும்.

மணிக்கு 60 கிலோமீட்டர் வேகத்தில் 3 விநாடி திரையைப் பார்த்தால், வண்டி 50 மீட்டர் குருட்டாம்போக்கில் ஓடியிருக்கும். 300 ரிங்கிட் சம்மன் எல்லாம் அதற்குப் பிறகுதான்.

நாளை முதல் காலை 6 முதல் 7.30 வரை குழுவில் எதுவும் அனுப்ப வேண்டாம், ரோஜாப்பூ உட்பட. பிள்ளை வராவிட்டால் முதல் நாள் இரவே சொல்லிவிடுங்கள். வழிகாட்டிச் செயலி வேண்டுமென்றால் கிளம்பும் முன்பே போட்டுத் தாங்கியில் வையுங்கள். தினமும் போகும் பாதைக்கு அது எதற்கு என்பதுதான் எனக்குப் புரியவில்லை.