பெரிய ரிம்முக்கு எவ்வளவு காத்து?

காரிமங்கலம்

அன்பு மகளுக்கு,

பிக்கப்பில் 17 இன்ச் ரிம்மை மாற்றி 18 போட்டிருக்கிறாய், எல்டி (லைட் டிரக், பாரம் சுமக்கும் வகை) 275/65 ஆர்18 டயர், காத்து எவ்வளவு வைப்பது என்று கேட்டிருந்தாய். கதவுத் தூணில் ஒட்டியிருக்கும் எண் பழைய 265/65 ஆர்17 டயருக்கானது. புது டயருக்கு அது செல்லாது. டயரின் பக்கத்தில் அச்சடித்திருக்கும் 80 பி.எஸ்.ஐ. (காத்தழுத்தத்தின் அளவு), அந்த டயர் முழுப் பாரம் சுமக்கும்போது வேண்டியது. காலி வண்டியில் அதை அடித்தால் நடுப்பட்டை மட்டும் தரையில் படும். வண்டி துள்ளும், மழையில் பிரேக் பிடித்தால் வழுக்கும்.

பாரத்தைச் சுமப்பது உள்ளே இருக்கும் காத்துதான் கண்ணு. அதனால் முதலில் எடையைத் தெரிந்துகொள். மாங்காய் சீசனில் ஏற்றுகிற அளவுக்கே லோடு ஏற்றி எடை மேடைக்குப் போ. முன் சக்கரங்களை மட்டும் நிறுத்தி ஒரு சீட்டு, பின் சக்கரங்களை மட்டும் நிறுத்தி ஒரு சீட்டு வாங்கு. பின்னால் 1,600 கிலோ வந்தால் டயருக்கு 800. மாங்காய்ப் பெட்டிகள் ஒரு பக்கம் சாய்ந்திருக்கலாம், வளைவில் வெளிப்பக்க டயர்மேல் பாரம் ஏறும். அதற்காக 15 சதவீதம் சேர்த்து 920 கிலோ என்று வைத்துக்கொள். டயர் கம்பெனியின் லோடு அட்டவணையை டீலரிடம் கேட்டு வாங்கு. உன் சைஸுக்கு நேரே 920 கிலோவைத் தாங்கும் காத்து எதுவோ, அதுதான் பின் டயருக்கு. முன் டயருக்கும் இதே கணக்கு. காலி வண்டிக்கும் ஒருமுறை எடை போட்டுத் தனியாக எழுதி வை.

அட்டவணை எண் பழைய ஸ்டிக்கரை விடக் கூடுதலாக வந்தால் மிரளாதே. பழையது கார் வகை டயராக இருந்தால், அதே எடைக்கு எல்டி டயர் பெரும்பாலும் கூடுதல் காத்து கேட்கும். "டயர் பெருசும்மா, கொஞ்சமா அடிச்சா போதும்" என்று யார் சொன்னாலும் கேட்காதே. காத்து குறைந்தால் டயரின் பக்கம் ஒவ்வொரு சுற்றிலும் மடங்கி நிமிரும், உள்ளே சூடேறும், கடைசியில் ரப்பர் இழையிலிருந்து பிரிந்துவிடும். லோடோடு தொப்பூர் கணவாய் இறங்கும்போது பிரேக் சூடும் அதோடு சேரும். எனக்கு இந்த ஒன்றுதான் பயம்.

காத்தை விடிகாலையில் வண்டி எடுக்கும் முன், சொந்த கேஜ் வைத்துப் பார். ஓசூர் வரை ஓட்டிய பிறகு 4, 5 கூடக் காட்டினால் அது சூட்டினால் ஏறியது, இறக்கிவிடாதே. அதைவிட அதிகம் ஏறியிருந்தால் காலையில் வைத்ததே குறைச்சல், அல்லது லோடு அதிகம்.

பிறகு சாக்பீஸால் டயர் பட்டையின் குறுக்கே கோடு போட்டு, தார் ரோட்டில் நேராக நூறு மீட்டர் ஓட்டு. கோடு நடுவில் மட்டும் அழிந்தால் காத்து அதிகம், இரண்டு ஓரமும் அழிந்தால் குறைவு. இதைப் பார்த்து ஒன்றிரண்டு பி.எஸ்.ஐ. மாற்றலாம். ஆனால் அட்டவணை எண்ணுக்குக் கீழே மட்டும் போகாதே.

அட்டவணை 65-க்கு மேல் சொன்னால் சாதாரண ரப்பர் வால்வு தாங்காது, நட்டு போட்டு முறுக்கும் மெட்டல் வால்வு மாற்றச் சொல். ரிம்மின் உள்பக்கம் எத்தனை கிலோ தாங்கும் என்று அச்சிட்டிருக்கும். அதுவும் 920-க்கு மேல் இருக்க வேண்டும். டயரின் விட்டம் சுமார் 5 சதவீதம் கூடியிருப்பதால், மீட்டர் 100 காட்டும்போது வண்டி 105-ல் போகும்.

ஸ்டெப்னியையும் அதே சைஸில் வாங்கிவிடு. பழையதை வழியில் மாட்ட நேர்ந்தால் ஃபோர் வீல் டிரைவ் (நாலு சக்கரமும் இழுப்பது) போடாமல், மெதுவாகப் பக்கத்து பஞ்சர் கடை வரை மட்டும் போ. ஒரு டயர் மட்டும் சின்னதாக இருக்கும்போது ஃபோர் வீல் போட்டால் கியர் இறுகி உடையலாம்.

எடைச் சீட்டு வந்ததும் படம் எடுத்து அனுப்பு. சேர்ந்தே அட்டவணை பார்க்கலாம்.

அப்பா