டயாலிசிஸ் வார்டுக்கு ஒரு புத்தக அலமாரி

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

மாவட்டந்தோறும் புத்தகத் திருவிழா நடக்கும் செய்திகளைத் தங்கள் நாளிதழில் விடாமல் படிக்கிறேன். அதையொட்டி ஒரு கோரிக்கை. அரசு மருத்துவமனைகளில், முக்கியமாக டயாலிசிஸ் பிரிவில், கிளை நூலகத்தின் அலமாரி ஒன்று வைக்க வேண்டும்.

நான் கும்பகோணத்தில் தையல் கடை வைத்திருப்பவள். என் கணவர் கும்பகோணம் – மயிலாடுதுறை தடத்தில் பஸ் ஓட்டியவர். சர்க்கரை நோயால் சிறுநீரகம் இரண்டும் பழுதாகி வாரம் இருமுறை டயாலிசிஸ் செய்யும்படி ஆயிற்று. முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டம் இருந்ததால் பணத்துக்கு அல்லாடவில்லை. பொழுதைக் கழிப்பதுதான் பெரும்பாடு. ஒரு தடவை படுத்தால் நான்கு மணி நேரம். இடது கையில் இரண்டு ஊசி, அந்தக் கையை அசைக்கக் கூடாது. மற்ற கையால் மட்டும் பேப்பரைக்கூடப் பிரித்துப் படிக்க முடியாது. மூன்று மணி நேரம் தாண்டினால் பிரஷர் இறங்கும், கெண்டைக்கால் சதை பிடித்து இழுக்கும்.

வீட்டிலும் எங்களுக்கு வேறு பேச்சே இல்லாமல் போயிருந்தது. உடம்பில் நீர் சேர்ந்து எத்தனை கிலோ ஏறியிருக்கிறது, எத்தனை டம்ளர் தண்ணீர் குடித்தார், ரத்தத்தில் கிரியேட்டினின் என்கிற கழிவு எவ்வளவு, இவ்வளவுதான்.

அப்போதுதான் கிளை நூலகத்திலிருந்து உ.வே.சாமிநாதையரின் ‘என் சரித்திர’த்தை எடுத்துப் போய் அவர் பக்கத்தில் உட்கார்ந்து படித்துக் காட்ட ஆரம்பித்தேன். சிஸ்டர் பெரிய மனது பண்ணி அனுமதித்தார். என் கணவருக்குப் புத்தகப் பழக்கம் கிடையாது. ஆனால் ஐயரின் சொந்த ஊரான உத்தமதானபுரமும், மீனாட்சிசுந்தரம் பிள்ளையிடம் பாடம் கேட்ட மாயூரமும் திருவாவடுதுறையும் அவருக்கு அத்துப்படியான ஊர்கள். “திருவாவடுதுறைக்கு நரசிங்கம்பேட்டையில இறங்கி உள்ளே போகணும்” என்று குறுக்கே சொல்வார். அதிலிருந்து, மார்கழிப் பனியில் முதல் டிரிப் எடுத்தது, குத்தாலத்தில் கீரைக்கட்டோடு ஏறும் ஆயாவுக்காக வண்டியை நிறுத்தி வைத்தது என்று, இத்தனை வருஷத்தில் என்னிடம் சொல்லாத சங்கதியெல்லாம் வரும். ஐயருக்கு அம்மை கண்ட இடம் வந்தபோது படிக்கத் தயங்கினேன். “படி, பிழைச்சு வந்துதானே இதை எழுதியிருக்கார்” என்றார். அடுத்த கட்டிலில் இருந்த பெரியவர், “இன்னும் கொஞ்சம் சத்தமா படிங்கம்மா” என்று கேட்டு வாங்கிக் கேட்பார்.

போன வருஷம் அவர் தவறிவிட்டார். அந்த வார்டில் பேசிய பேச்சுகள்தான் இன்றைக்கு எனக்குத் துணை. அவை இல்லாவிட்டால் அவருடைய கடைசிக் காலம் என்றால் எனக்கு மிஷின் சத்தம் மட்டும்தான் நினைவிருக்கும்.

நூலகம் என் கடைக்குப் பக்கத்தில் இருப்பதால் எனக்கு இது வாய்த்தது. பந்தநல்லூர், திருப்பனந்தாள் பக்கமிருந்து விடியற்காலை பஸ் பிடித்து வந்து வெளியே பெஞ்சில் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருக்கும் பெண்கள் எந்த நூலகத்துக்குப் போவார்கள்? அவர்கள் வீட்டு வரியிலும் நூலக வரி சேர்ந்துதானே இருக்கிறது! சொத்து வரியில் 10 விழுக்காடு அப்படிப் போகிறது. 1948-இல் வந்த பொது நூலகச் சட்டத்தில் ஏற்பட்ட வரி அது. அந்தச் சட்டத்துக்குப் பாடுபட்ட எஸ்.ஆர்.ரங்கநாதன் நம் சீர்காழிக்காரர். 1931-லேயே மன்னார்குடியில் மாட்டு வண்டியில் புத்தகங்களை ஏற்றி கிராமங்களுக்குக் கொண்டு போயிருக்கிறார்கள். எல்லாம் எங்கள் நூலகர் சொல்லித் தெரிந்துகொண்டது. சிறைவாசிகளுக்காகச் சென்னைப் புத்தகக் காட்சியில் புத்தகம் சேகரிக்கிறார்களாம். மிக நல்ல காரியம். நோயாளிகளுக்கும் கூட இருப்பவர்களுக்கும் அதே அக்கறை காட்டலாகாதா?

பெரிய எழுத்தில், கனமில்லாத புத்தகங்களாக இருந்தால் நல்லது. வைப்புத்தொகை, அடையாள அட்டை என்று கேட்காமல் கையெழுத்தை மட்டும் வாங்கிக்கொண்டு கொடுக்க வேண்டும். தொற்று பயம் இருந்தால் அலமாரியை வார்டுக்கு வெளியே, காத்திருக்கும் இடத்தில் வைக்கலாம். அட்டைக்கு ரெக்சின் உறை போட்டுவிட்டால் துடைத்துத் துடைத்து வைக்கலாம். மாவட்ட நூலக அலுவலரும் மருத்துவமனை நிர்வாகமும் சம்மதித்தால், அந்த உறைகள் அத்தனையையும் கூலி வாங்காமல் நானே தைத்துத் தருகிறேன்.

இப்படிக்கு,
ஒரு வாசகி,
கும்பகோணம்.